"நான் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் போதுமா?

நம் இளைஞர்களிடையே இப்போது ஒரு புது ஜாதகம் புழங்குகிறது. முன்பு ராசி, நட்சத்திரம் கேட்டார்கள். இப்போது "உன்னோட அட்டாச்மன்ட் ஸ்டைல் என்ன?" என்று கேட்கிறார்கள். டிக்டாக்கில் அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, "நான் ஏங்சியஸ் டைப், அவன் அவாய்டன்ட் டைப், அதான் ஒத்துப் போகல" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். ஜாதகம் பார்த்தவர்களாவது பரிகாரம் என்று ஒன்றைச் சொன்னார்கள். இங்கே அதுவும் கிடையாது.

கெலுகோரில் மிண்டன் வளாகத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வீட்டை விட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்த வயது. ஒருவரோடு ஒருவர் பழகும் வயதும் அதுவேதான். பாதி செமஸ்டர் வரை எல்லாம் நன்றாகப் போகும். பரீட்சை வாரம் நெருங்கியதும் சண்டை தொடங்கும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் இருபது மெசேஜ் அனுப்புவார். மற்றவர் போனை அடைத்துவிட்டு நூலகத்துக்குள் போய்விடுவார். கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான்: "நான் இப்படித்தான் லா, ஸ்ட்ரெஸ்ல இருக்கேன்."

அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். மன அழுத்தத்தில் இருக்கும்போது, நாம் நேசிப்பவரையே நோகடித்தால், அதற்கு நாம் எவ்வளவு பொறுப்பு? சின்ன வயதில் அமைந்த சுபாவம் என்றால் பொறுப்பு குறையுமா?

சொல் வந்த வழி

முதலில் அந்த "அட்டாச்மன்ட்" என்ற சொல்லைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். தமிழில் பிணைப்பு என்று சொல்லலாம். ஜான் பவுல்பி என்ற லண்டன் மனநல மருத்துவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது, பயம் வந்தால் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ள நிலையான ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. அதை விரித்து எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1969இல் வந்தது.

அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வர்த் இதை நேரில் கவனித்தவர். முதலில் 1950களில் உகாண்டாவின் கிராமங்களிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்திலும் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். பால்டிமோரில் ஓர் எளிய சோதனையும் செய்தார். பழக்கமில்லாத அறையில் அம்மா குழந்தையைச் சிறிது நேரம் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவார். சில குழந்தைகள் அழுதன, அம்மா வந்ததும் தேறி மீண்டும் விளையாடப் போயின. சில அம்மா வந்த பிறகும் தேறவில்லை. ஒட்டிக்கொண்டே அடித்தன. இன்னும் சில, அம்மா போனதையும் வந்ததையும் கண்டுகொள்ளாத மாதிரி பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நிம்மதிப் பிணைப்பு, பதற்றப் பிணைப்பு, விலகல் பிணைப்பு என்று இந்த மூன்றுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம்.

காதல் கதைக்குள் இது நுழைந்தது 1987இல். ஹேசன், ஷேவர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் கேள்வித்தாள் வெளியிட்டு, காதலிலும் இந்த மூன்று சாயல்கள் உண்டா என்று பார்த்தார்கள். பதில் எழுதியவர்களில் சுமார் 56 விழுக்காட்டினர் நிம்மதி வகையையும், 25 விழுக்காட்டினர் விலகல் வகையையும், 19 விழுக்காட்டினர் பதற்ற வகையையும் தங்களுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாளிதழ் வாசகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது அது. அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்று டிக்டாக்கில் ஓடும் பேச்சுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அழுத்தம் வந்தால் தெரியும்

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1992இல் ஜெஃப்ரி சிம்சனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு. பழகிக்கொண்டிருந்த 83 ஜோடிகளை அழைத்தார்கள். பெண்ணிடம், பலருக்குப் பதற்றம் தரக்கூடிய ஒரு சோதனை உங்களுக்குக் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும் அறையில் இருவரையும் ஐந்து நிமிடம் தனியே விட்டு, என்ன நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். நிம்மதி வகைப் பெண்கள் பயம் கூடக்கூடத் துணையிடம் அதிகமாக ஆறுதல் தேடினார்கள். விலகல் வகைப் பெண்கள் பயம் கூடக்கூட வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண்களிலும் அப்படியே. துணை பயந்தபோது நிம்மதி வகையினர் நெருங்கி வந்து ஆறுதல் தந்தார்கள், விலகல் வகையினர் தருவதைக் குறைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. குர்னி டிரைவில் ஐஸ் கச்சாங் சாப்பிடும்போது எல்லாரும் நல்ல காதலர்தான். பரீட்சை, பிடிபிடிஎன் கடன், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி, இன்டர்ன்ஷிப் கிடைக்காத கவலை, இவை வரும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

பதற்ற வகை ஆளும் விலகல் வகை ஆளும் ஜோடி சேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கல். அவள் பயந்து நெருங்குகிறாள். நெருக்கமே அவனுக்குப் பாரமாகத் தெரிகிறது, விலகுகிறான். விலகலைப் பார்த்து அவள் பயம் இரட்டிப்பாகிறது. அதைப் பார்த்து அவன் இன்னும் ஒரு அடி பின்னால் போகிறான். ஆணும் பெண்ணும் இடம் மாறினாலும் கதை இதேதான். இருவரில் எவரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் இருவரும் காயப்படுகிறார்கள்.

அம்மா மேல் பழி போடலாமா?

இந்த அறிவு கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, அம்மா அப்பா மேல் பழி போடுவது. "என்னை நல்லா வளர்த்திருந்தா நான் ஏன் இப்படி இருப்பேன்?"

நம் சமூகத்தின் கதையை வைத்துப் பார்த்தால் இந்தப் பழி அவ்வளவு சுலபமாக நிற்காது. நம் பாட்டிமார் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார்கள். ஓர் ஆயாவின் கண் முன்னால் பத்துப் பதினைந்து தொட்டில்கள். அடுத்த தலைமுறை தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தது. பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியபின், அம்மாக்கள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பாட்டியும், அக்காவும், பக்கத்து வீட்டு அத்தையும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா இல்லாத மணி நேரங்களை எண்ணினால் நம் சமூகமே உடைந்து போயிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. ஒரு குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவரோடு பிணைய முடியும் என்பதை உகாண்டாவிலேயே எயின்ஸ்வர்த் பார்த்திருந்தார். நம் கொட்டகை ஆயாவுக்கு அது படிக்காமலேயே தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீடுகளில் அன்பு வேறு பாஷை பேசும். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களின் அன்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1990இல் வந்தது. தமிழர் அன்பின் குணங்களில் ஒன்றாக அவர் "அடக்கம்" என்பதைச் சொல்கிறார். பாசத்தை வெளியே கொட்டினால் கண் பட்டுவிடும் என்று மறைத்து வைப்பது, திட்டுவது போல் கொஞ்சுவது, எல்லாம் இதற்குள் வரும். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுக்கும் அப்பாவை, அமெரிக்கக் கேள்வித்தாளை வைத்து விலகல் வகை என்று எழுதினால் அது தப்புக் கணக்கு.

டிராவிக் குறிப்பிடும் இன்னொரு சொல் "பழக்கம்". யோசித்துப் பாருங்கள். "ரெண்டு பேரும் பழகுறாங்க" என்று காதலுக்கும் சொல்கிறோம். நீச்சல் பழகு, வண்டி ஓட்டப் பழகு என்றும் சொல்கிறோம். ஒருவரோடு நெருங்குவதும், ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து கற்பதும் தமிழில் ஒரே வினை. நேசிப்பது பயின்று வரும் ஒன்று என்று நம் மொழியே ஒப்புக்கொள்கிறது. பயின்று வருவது என்றால் திருத்திப் பயிலவும் முடியும். பிணைப்புப் பாணி ஆயுள் முழுக்க அப்படியே நிற்பதில்லை, பிற்கால உறவுகளால் மாறக்கூடும் என்று பின்னர் வந்த உளவியல் ஆய்வுகளும் காட்டுகின்றன.

பற்றை விடச் சொல்லும் சமயம்

நம் இதழின் வாசகர்களுக்கு இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பற்றை விடு என்று கீதை சொல்கிறது. பிணைப்பு இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்று உளவியல் சொல்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வேறு. எது சரி?

இரண்டும் வேறு வேறு பொருள் என்பது என் கருத்து. திருதராஷ்டிரனுக்குத் துரியோதனன் மேல் இருந்தது பற்று. மகன் செய்வது அதர்மம் என்று தெரிந்தும் தடுக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. மகனுக்கு எது நல்லது என்பதை விட, மகன் தன்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பற்று இருவரையும் அழித்தது.

அதே குருக்ஷேத்திரத்தில் இன்னோர் உறவைப் பாருங்கள். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனனின் வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. இன்றைய மருத்துவர் பார்த்தால் கடும் மன அழுத்தம் என்றுதான் எழுதுவார். அர்ஜுனன் அதை மறைக்கவில்லை. தன் உடம்பில் நடப்பதை ஒவ்வொன்றாகக் கண்ணனிடம் சொல்கிறான். கண்ணன் தேரை விட்டு இறங்கிப் போகவில்லை. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று முத்திரை குத்தவும் இல்லை. கண்டிக்கிறார், விளக்குகிறார், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் தருகிறார். பதினெட்டாம் அத்தியாயத்தில், இதையெல்லாம் நன்றாக ஆராய்ந்து, பின் உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

பவுல்பி சொன்ன பத்திரமான பிணைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பது, ஆனால் பிடித்து வைக்காமல் இருப்பது. பற்று மற்றவரைத் தன் பயத்துக்கு மருந்தாகப் பயன்படுத்துகிறது. நல்ல பிணைப்பு மற்றவருக்கு எழுந்து நிற்கத் தெம்பு கொடுக்கிறது. கீதை விடச் சொல்வது முதலாவதை.

காரணம் வேறு, சாக்கு வேறு

இனி முதல் கேள்விக்கு வருவோம். சின்ன வயதில் அமைந்த சுபாவத்துக்கு நான் பொறுப்பா?

நம் பெரியவர்கள் கர்மத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பிராரப்தம் என்பது ஏற்கெனவே பலன் தரத் தொடங்கிவிட்டது, அனுபவித்தே தீர வேண்டும். ஆகாமியம் என்பது இப்போதைய செயலால் நாம் புதிதாகச் சேர்ப்பது. இந்தப் பிரிவு இங்கே அப்படியே பொருந்தும். பரீட்சைக்கு முந்திய இரவில் என் நெஞ்சு படபடப்பதும், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போவதும் நான் தேர்ந்தெடுத்தவை அல்ல. அதற்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. படபடப்பு வந்த பிறகு என் விரல் எதை டைப் செய்கிறது என்பது என் கணக்கு. "பயமா இருக்கு, பத்து நிமிஷம் பேசலாமா?" என்றும் எழுதலாம். "உனக்கு வேற யாரோ கிடைச்சிட்டாங்க போல" என்றும் எழுதலாம். உணர்ச்சி ஒன்றே, செயல் இரண்டு.

விலகுகிறவருக்கும் இதே கணக்குதான். தனிமை தேவைப்படுவது குற்றமில்லை. சொல்லாமல் மறைந்து போவதுதான் குற்றம். "வெள்ளிக்கிழமை பேப்பர் முடியற வரைக்கும் நான் கொஞ்சம் ஒதுங்கி இருப்பேன், சாயந்திரம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். போகிற காரணமும் திரும்பி வரும் நேரமும் தெரிந்தால், காத்திருப்பவரின் பயம் பாதி குறையும். சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டால் மீதியும் குறையும்.

நம் சங்கப் புலவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அகத்திணை ஐந்தில் குறிஞ்சி மட்டும்தான் கூடல். முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. காதலின் பெரும்பகுதி சேர்ந்திருக்காத நேரத்தை எப்படித் தாங்குவது என்பதில்தான் இருக்கிறது என்று அவர்கள் பிரித்தே வைத்துவிட்டார்கள். வள்ளுவரும் தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே கொடுத்தார். சண்டை வந்துவிட்டது என்பதற்காக உறவு தோற்றுவிட்டது என்று பொருளில்லை. சண்டைக்குப் பின் யார், எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதே கேள்வி.

பாரத்தைப் பரப்புதல்

பொறியியல் படிக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பாடத்தில் ஸ்ட்ரெஸ் என்றால் விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. அதே பாரம், சிறிய இடத்தில் விழுந்தால் பொருள் நொறுங்கும். அகலமாகப் பரவினால் தாங்கும். கெலுகோரிலிருந்து பிறைக்குப் போகும் பினாங்கு பாலம் 1985இலிருந்து நிற்கிறது. ஒவ்வொரு லாரியின் எடையும் ஒரு தூணின் தலையில் மட்டும் விழாதபடி அதைக் கட்டியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் உறவில் நடப்பது இதற்கு நேர்மாறு. காதலர், உயிர்த்தோழி, அண்ணன், கவுன்சிலர், சில நேரம் கடவுள், இத்தனை வேலையையும் இருபத்தொரு வயது ஆள் ஒருவரின் தலையில் வைக்கிறோம். அந்த ஆளுக்கும் அதே வாரம் பரீட்சை. நொறுங்காமல் என்ன செய்யும்? அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழி இருந்தாள், தலைவனுக்குப் பாங்கன் இருந்தான். மனசில் உள்ளதைக் கொட்ட இன்னோர் இடம் இருந்தது.

துணையின் அருகாமைக்கு உண்மையிலேயே சக்தி உண்டு. ஜேம்ஸ் கோன் என்பவரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், லேசான மின் அதிர்ச்சிக்குக் காத்திருந்த பெண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அபாய உணர்வுக்கான மூளைச் செயல்பாடு தணிந்திருந்தது. மணவாழ்க்கை நிறைவாக இருந்தவர்களிடம் அது இன்னும் நன்றாகத் தணிந்தது. ஒரு கை எவ்வளவோ செய்யும். ஆனால் எல்லாவற்றையும் ஒரு கையே செய்ய முடியாது.

இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் பிள்ளை ஒருவரோடு பழகுவது ரகசியம். அந்த ரகசியமே தனியாக ஒரு பாரம். பழகுவது வேண்டுமா, எந்த வயதில், எந்த எல்லைக்குள் என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கருத்து இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "அம்மா, எனக்கு ஒரு பிரச்சினை" என்று சொல்ல முடியாத பிள்ளை, அடி வாங்கினாலும் வெளியே சொல்லாது. அதை நினைத்துப் பாருங்கள்.

எல்லை எங்கே?

பொறுமைக்கும் எல்லை உண்டு. துணையின் சுபாவத்தைப் புரிந்துகொள்வது அன்பு. புரிந்துகொண்டதற்காக அடி வாங்குவது அன்பில் சேராது. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, பாஸ்வேர்டு கேட்பது, நண்பர்களை வெட்டிவிடச் சொல்வது, போகிற இடமெல்லாம் பின்தொடர்வது, "விட்டுட்டுப் போனா செத்துடுவேன்" என்று மிரட்டுவது, இவற்றுக்கு "ஏங்சியஸ் டைப்" என்று பெயர் வைத்து மன்னிக்கக் கூடாது. மலேசியச் சட்டமும் மன்னிப்பதில்லை. தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து, தொடர்புகொண்டு ஒருவரைப் பயத்தில் ஆழ்த்துவது மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படிச் சிக்கியிருப்பவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். சாவைப் பற்றி யார் பேசினாலும் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், தனியாகச் சுமக்கவும் செய்யாமல், உடனே ஒரு பெரியவரிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். ஒரு உயிரைக் காப்பதற்காக நீங்கள் காதலராகத் தொடர வேண்டிய கடமை இல்லை.

நண்பர்களே, சுபாவத்தைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். எங்கே வழுக்கும் என்று தெரிந்தால் அங்கே மெதுவாக நடக்கலாம். அதற்குத்தான் அந்த அறிவு. "நான் இப்படித்தான்" என்ற வாக்கியத்தை யாரும் சொல்லலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அதோடு முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். "அதனால இந்த வாரம் நான் இதைச் செய்யப் போறேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது வரிதான்.